விரல் ஐயா எண்ணிய ஒன்பது முடிச்சு

விரல் ஐயாவின் கையில் எக்ஸ்ரே இருப்பதாக ஊரே பேசிக்கொண்டது. எக்ஸ்ரே எல்லாம் பழசு, அது ஸ்கேன் என்று திருத்தியவர்களும் உண்டு. போர்வை போர்த்திய வயிற்றின்மேல் விரலை ஓடவிட்டால் போதும். நோய் உள்ளே எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது, மொத்தம் எத்தனை முடிச்சு என்று பிசகாமல் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரிக்காரர்கள் நாள்கணக்கில் காக்கவைத்துச் சொல்வதை இவர் நாலு மூச்சு விடும் நேரத்தில் சொல்வார். சொல்வதோடு நிற்காமல் முடிச்சுகளை அவிழ்த்தும் விடுவார்.

அவர் கடை விரித்திருந்தது மூடிப்போன ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில். முன்பு எடை தூக்குகிறவர்கள் மல்லாந்து படுத்த நீளப் பெஞ்சில் இப்போது நோயாளிகள் படுத்தார்கள். சுவரெங்கும் கண்ணாடி பதித்திருந்ததால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் இருநூறு பேர் போலத் தெரிந்தது. பழைய வாசகம் ஒன்றைச் சுவரிலிருந்து அழிக்காமல் விட்டிருந்தார்கள்: "உங்கள் உடலே உங்கள் முதல்." ஐயாவைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. வந்தவர்களின் உடல்தான் அவருக்கு முதல்.

கட்டணம் என்று அவர் கேட்கமாட்டார். காணிக்கைப் பெட்டி கேட்கும்.

அந்தப் பத்து விரல்களுக்கு நடந்த உபசாரம் பிறந்த குழந்தைக்குக்கூட நடக்காது. வெளியே வந்தால் கம்பளி உறை. யாருக்கும் கை கொடுப்பதில்லை. சட்டைப் பொத்தானை இன்னொருவர் போட்டுவிடுவார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் மீசைக்கார உதவியாளர் டீக் கோப்பையை ஐயாவின் வாயருகே பிடித்து, குனிந்து, ஒரு வாய் ஊட்டிவிடுவார். விரல் களைத்துவிடக் கூடாதாம். மூக்கு அரித்தால் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் சில கேள்விகளை விழுங்கத்தானே வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் நம் செருப்புக்கடைக்காரரும் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். முட்டாள் இல்லை அவர். காலைப் பார்த்தே அளவு சொல்வார். பேரம் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று கண்டுபிடிப்பார். அவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது பயம்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். நகரத்தில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். எல்லாருக்கும் அவர் டீச்சர். கடைக்காரரும் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவர்தான். கிளட்ச்சை விடத் தெரியாமல் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கடைசியில் கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த டீச்சருக்குக் குடலில் கட்டி. அறுவை நல்லபடியாக முடிந்தது. பிறகு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கட்டியை முழுசா எடுத்தாச்சு. அதை ஒட்டியிருந்த நெறிகளையும் சேர்த்தே எடுத்தாச்சு. கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லையா? அதே மாதிரி சின்னச் சின்னக் கணுக்கள் குடலை ஒட்டியும் இருக்கு. குடல்ல வந்த புற்று வெளிய கிளம்பினா பெரும்பாலும் முதல்ல அங்கதான் போய்த் தங்கும். எடுத்ததுல பதினெட்டுக் கணுவைச் சோதிச்சாங்க. மூணுல நோய் இருக்கு."

"மூணுன்னா நிறையவா, கம்மியா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லாம இருந்தா நல்லாருந்திருக்கும். அந்த மாதிரி ஆளுங்கள்ல பத்துக்கு எட்டு ஒம்பது பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டிடுறாங்க. கணுவுக்குப் போயிட்டா அது குறையும். எத்தனை கணுங்கிறதைப் பொறுத்துக் குறையும். மூணு வரைக்கும் ஒரு வகை. நாலோ அதுக்கு மேலயோ போனா கொஞ்சம் மோசமான வகை. இவங்க முதல் வகை. மருந்து ஏத்திக்கிட்டா இந்த வகையில பத்துக்கு ஏழு பேருக்குக் குறையாம தாண்டுறாங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாம எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கிறதை அடிக்கத்தான் இந்த மருந்து."

டீச்சர் கேட்டார்: "அந்த ஏழு பேர்ல நான் இருப்பேனா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இது ஆயிரக்கணக்கான பேரை வெச்சுப் போட்ட கணக்கு. உங்க தலையெழுத்து இல்லை. ஆனா எந்தப் பக்கம் நின்னா நல்லதுன்னு இந்தக் கணக்கு காட்டுது."

டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைக்காரர் காதில் விழுந்தது 'மூணு' மட்டும்தான். அன்றிலிருந்து அந்த எண் அவரைத் துரத்தியது. மூன்றாம் நம்பர் செருப்பு கேட்டு வந்த ஒரு குழந்தையை முறைத்தே அனுப்பினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சலூன்காரர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்துக்குத் திரும்பும் இடைவெளியில் விரல் ஐயாவின் பெருமையைச் சொல்லி முடித்தார். கத்தி கழுத்தில் இருக்கும்போது மறுத்துப் பேசுவதும் சிரமம்.

"ஒரே ஒரு தடவை வா டீச்சர்," என்று கெஞ்சினார்.

"உங்க முகத்தைப் பார்க்கச் சகிக்கலை. அதுக்காக வர்றேன்."

கூடத்தில் இவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, கையில் போன், முகத்தில் அப்படி ஒரு கனிவு. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எனக்கும் வயித்துலதான்மா. ஐயா கைபட்ட பிறகுதான் சாப்பாடே இறங்குது. உனக்கு எத்தனைன்னாங்க?"

டீச்சர் வாய் திறக்கும் முன்னே கடைக்காரர் கொட்டிவிட்டார். பதினெட்டு, மூணு, அறுவை எப்போது நடந்தது, மருந்து எப்போது ஏற்றச் சொன்னார்கள், எல்லாம். இத்தனை நாளாக அவரிடம் யாரும் இப்படி அன்பாகக் கேட்டதில்லை. அந்த அம்மாளும் ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டிக்கொண்டே போனில் எதையோ தட்டினாள். மகளுக்குச் செய்தியாம்.

முறை வந்தது. டீச்சர் பெஞ்சில் படுத்தார். கறுப்புப் போர்வை போர்த்தினார்கள். ஐயா ஒரு வாய் டீ குடித்தார். உறையைக் கழற்றினார். விரல்கள் போர்வைமேல் நடந்தன, நின்றன, பதறின.

"மூணு," என்றார். "மூணு முடிச்சு. இடப்பக்கம்."

கடைக்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயத்திலா ஆறுதலிலா என்று அவருக்கே தெரியவில்லை. ஐயா போர்வைக்கு அடியில் கைவிட்டு ஒரு சிவப்பு நூலை உருவினார். நடுவில் ஒரு முடிச்சு. எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து மெல்ல இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கூடத்தில் ஒரே பெருமூச்சு. கண்ணாடிக்குள்ளும் அதே பெருமூச்சு.

"ஒண்ணு தளர்ந்திருக்கு. மீதியை அடுத்தடுத்து வந்து எடுத்துக்குங்க. ஆனா ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் ஏத்திடாதீங்க. ஏத்தினா இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை."

அன்று மாலை வீட்டில் கடைக்காரர் மெல்லப் பேச்சை எடுத்தார். "அந்த மருந்தை ஒரு மாசம் தள்ளிப்போட்டா என்ன டீச்சர்?"

டீச்சர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அந்த மூணு கணுவும் இப்ப எங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"உன் வயித்துலதான்."

"வயித்துல இருந்ததை வெட்டி எடுத்தாச்சு. எடுத்ததைத் துண்டு போட்டு, மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்து எண்ணித்தான் மூணுன்னு சொன்னாங்க. வயித்துக்குள்ள இருந்தா டாக்டரம்மா எப்படி எண்ணுவாங்க? கழட்டி மெக்கானிக் கடையில போட்ட சக்கரத்தை வண்டியில தடவிப் பார்த்து, இருக்கு, இறுக்கமா இருக்குங்கிறார் உங்க ஐயா."

கடைக்காரர் யோசித்தார். "புதுசா மூணு முளைச்சிருக்கலாம் இல்லையா?"

நம்பிக்கைக்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை. தன் வழக்கை அது தானே வாதாடிக்கொள்ளும்.

டீச்சர் மடித்த துணியைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. எனக்கும் பயம்தான். மருந்து ஏத்தினா வாந்தி வரும், கைகால் மரத்துப்போகும்னு சொல்லியிருக்காங்க. அதெல்லாம் வேண்டாம், நூலை இழுத்தாப் போதும்னு ஒருத்தர் சொல்றப்போ கேக்க இனிப்பாத்தான் இருக்கு. அவ்வளவு இனிப்பா இருக்கிறதாலதான் சந்தேகப்படுறேன்."

அவர் குரல் இப்படி நடுங்கிக் கடைக்காரர் கேட்டதில்லை. லாரி உரசிக்கொண்டு போனபோதுகூட நடுங்காத குரல் அது. கடைக்காரரும் ஒரு துண்டை எடுத்துத் தப்பாக மடித்தார்.

"ஒண்ணு செய்வோம்," என்றார் டீச்சர். "நாளைக்கு நீங்க போய்ப் படுங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைன்னு அந்த விரல் சொல்லட்டும். சொல்லிட்டா நீங்க கேக்கிற மாதிரி மருந்தைத் தள்ளிப்போடுறேன். ஆனா கூடத்துக்குள்ள நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. பேச்செல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

கடைக்காரர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். இதைவிடச் சுலபமான பரீட்சை ஐயாவுக்கு வேறென்ன இருக்க முடியும்? தன் வயிறு அப்பழுக்கில்லாத வயிறு.

மறுநாள் போனார்கள். படியடியில் செருப்புகள் மலைபோல் தாறுமாறாகக் கிடந்தன. கடைக்காரரால் அதைத் தாண்டிப்போக முடியவில்லை. "நீ போ டீச்சர், வந்துடுறேன்," என்று உட்கார்ந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தார். டீச்சருக்கும் அதுதான் தேவைப்பட்டது.

மேலே முதல் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். நேற்றும் பார்த்த முகம். டீச்சர் குனிந்து அவரிடம் நாலு வார்த்தை பேசினார். தபால்காரரின் புருவம் ஏறியது. பிறகு டீச்சர் போய்க் கனிவான அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் முறை இன்னும் வந்தபாடில்லை.

"என்னம்மா, ரெண்டாவது முடிச்சுக்கா?"

"இல்லைங்க, இன்னைக்கு என் வீட்டுக்காரருக்காக வந்தேன். அவருக்கும் ஸ்கேன்ல பார்த்துட்டாங்க. ஒம்பது முடிச்சாம். அவருக்கு இன்னும் சொல்லலை, தாங்கமாட்டார்."

"ஐயோ பாவம்," என்றாள் அவள். விரல் போனில் ஓடியது. மகள் பாவம், என்னென்ன செய்திகளைத்தான் தாங்குவாளோ.

கடைக்காரர் மேலே வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முறை வந்ததும் மிடுக்காகப் போய்ப் படுத்தார். போர்வை விழுந்தது. மீசைக்காரர் டீயோடு குனிந்தார். ஐயா விழுங்கினார். விரல்கள் நடக்கத் தொடங்கின. ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை என்று கடைக்காரர் மனசுக்குள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விரல்கள் நின்றன. ஐயா கண்ணை மூடினார்.

"பெரிய சிக்கல். ஒம்பது முடிச்சு."

கடைக்காரருக்கு வயிற்றில் ஒன்பது இடத்திலும் சுருக்கென்று குத்தியது. சத்தியமாகக் குத்தியது. இதுவரை இல்லாத வலி. கடையை யார் பார்ப்பார்கள், டீச்சரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைப்பு ஓடியது.

"ஏங்க, எழுந்திரிங்க," என்று டீச்சரின் குரல் கேட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லும் அதே குரல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லை. அந்த ஒம்பது நான் சொன்னது."

மீசைக்காரரின் கையிலிருந்த டீக் கோப்பை மெல்லக் கீழே இறங்கியது.

"இவருக்கு ஸ்கேனும் எடுக்கலை, நோயும் இல்லை. ஒம்பதுங்கிறது என் வாய்க்கு வந்த நம்பர். இங்க ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னேன், இதோ இந்த அம்மாகிட்ட. சொல்லப்போறேன்னு முன்னாடியே இந்தத் தபால்காரர் ஐயாகிட்டச் சொல்லி வெச்சேன்."

தபால்காரர் எழுந்தார். "சொன்னாங்க. ஒம்பதுன்னு சொல்லப்போறேன், பாருங்கன்னாங்க."

விரல் ஐயா சிரித்தார். அனுபவசாலி. "இப்ப இல்லாட்டி என்னம்மா? வரப்போறதும் விரலுக்குத் தெரியும்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. அதுவும் சரிதான் என்றார் ஒருவர். சந்தேகத்தின் பலனை ஐயாவுக்குக் கொடுப்பதில் அந்தக் கூடம் தாராளமானது.

"சரிங்க," என்றார் டீச்சர். "அப்ப இந்த மீசைக்காரர் போன்ல வந்ததைக் காதுல ஓதி ஊட்டுற டீயைக் குடிக்காம ஒருத்தரைப் பாருங்க. இப்பத்தான் உள்ள வந்தவங்க, யார்கிட்டயும் பேசாதவங்க யாராவது இருக்கீங்களா?"

வாசலருகே நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினார். பெயின்ட் கறை படிந்த கால்சட்டை. "நான் இப்பத்தான் வந்தேன். எனக்கு ஆஸ்பத்திரியில எத்தனைன்னு சொன்னாங்கன்னு என் தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும். அவ வரலை. பாருங்கய்யா."

எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்த ஐயாக்களையும் பார்த்தார்கள்.

"விரல் களைச்சுடுச்சு," என்றார் ஐயா. மீசைக்காரர் அவசரமாகக் கம்பளி உறையை எடுத்தார்.

தபால்காரர் மட்டும் உட்காரவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் கேட்டார்: "எனக்குப் பன்னெண்டுன்னு சொன்னார். ஆஸ்பத்திரியிலயும் பன்னெண்டுதான். அதை நம்பித்தான் மருந்தைப் பாதியில விட்டேன். நான் பன்னெண்டுன்னு இங்க யார்கிட்டச் சொன்னேன்?"

மெல்லத் திரும்பிக் கனிவான அம்மாளைப் பார்த்தார். பின்வரிசையில் ஓர் இளைஞன் திரும்பினான். அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி, அவளுக்கு அடுத்து ஒரு கிழவர். ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த அம்மாள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள். இத்தனை நாள் காத்திருந்த முறையை விட்டுவிட்டு அவ்வளவு வேகமாக எழுந்து போன நோயாளியை உலகம் கண்டிருக்காது.

கடைக்காரர் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். குத்தல் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. எழும்போது போர்வை நழுவியது. அதன் ஓரத்தில் தைத்திருந்த சின்னப் பையிலிருந்து சிவப்பு நூல்கள் கொத்தாகக் கீழே விழுந்தன. எல்லாவற்றிலும் முன்கூட்டியே முடிச்சு. ஒன்றை எடுத்து நுனியை இழுத்தார். அவிழ்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அவிழ்ந்தது.

"இது ஷூ லேஸுக்குப் போடுற உருவு முடிச்சு," என்றார். "நான் தினமும் போடுறது. நேத்து என் கண்ணு முன்னாடிதான் இழுத்தார். எனக்குத் தெரியலையே."

"நேத்து நீங்க நூலைப் பார்க்கலை," என்றார் டீச்சர். "என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

ஐயா பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தார். கதவைத் தானே திறந்ததாகவும், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். விரல்களில் களைப்பு தெரியவில்லையாம். அப்போதும் இருவர், "நம்பாதவங்க உள்ள வந்ததாலதான் ஐயாவுக்கு வாக்கு தப்பிடுச்சு," என்று படியிறங்கினார்கள். அவர்களுக்கு இன்னும் நாலு ஐயாக்கள் வேண்டியிருக்கும்.

டீச்சர் சொன்ன நாளில் போய் மருந்து ஏற்றிக்கொண்டார். சுலபமாக இல்லை. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தியது. வாந்தி வந்த நாள்களில் கடைக்காரர் கடையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். ஒருநாள் அவரே டாக்டரம்மாவிடம் கேட்டார்: "பதினெட்டைச் சோதிச்சீங்களே, எதுக்கு அத்தனை? அஞ்சாறு பார்த்தாப் போதாதா?"

"கம்மியாப் பார்த்தா இருக்கிறது கண்ணுல படாம போயிடும் சார். கம்மியாத் தேடிட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்றது நிம்மதியா இருக்கும். ஆனா அது பொய் நிம்மதி."

இந்த முறை அவர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார்.

தபால்காரரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார். விட்ட நாள்களைத் திருப்பித் தர டாக்டரம்மாவிடம் மருந்தில்லை. இருக்கிற நாள்களில் ஆனதைச் செய்தார்கள். அந்தக் கூடத்தில் இன்னும் எத்தனை பேர் எத்தனை மாதத்தைத் தொலைத்தார்கள் என்பது கண்ணாடிகளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது டீச்சருக்கு மூன்றாவது வருஷம். ஒவ்வொரு சோதனை முடிந்ததும், "இதுவரைக்கும் ஒண்ணும் தெரியலை," என்பார் டாக்டரம்மா. குணமாகிவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. முன்பென்றால் கடைக்காரருக்கு அந்தப் பதில் பிடித்திருக்காது. தெரிந்ததைத் தெரிந்த மட்டும் சொல்கிறவரைத்தான் நம்பலாம் என்று இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், செருப்பு வாங்க வந்தவர்கள் அவசரத்தில் இருந்தாலும்.

விரல் ஐயா வேறு ஊரில், வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. இருப்பார். அவருக்குப் பத்து விரல், அதை வைத்துப் பிழைத்துக்கொள்வார். நமக்கும் பத்து இருக்கிறது. அதில் ஒன்றே ஒன்றைத் தூக்கி, "ஐயா, ஒரு சந்தேகம்," என்று கேட்பதற்கு என்ன கேடு?